கிழக்குக் குவீன்ஸில் ரெண்ட் ஸ்டெபிலைஸ்டு வீடு: தேடுவதும் சரிபார்ப்பதும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தை. ஒருவருக்கு மன்ஹாட்டனில் வேலை. நியூயார்க் நகர எல்லைக்குள்ளேயே, ஆனால் மரங்களும் புல்வெளியும் உள்ள அமைதியான இடமாக, குவீன்ஸின் கிழக்கே ஃப்ரெஷ் மெடோஸ், பேசைட், ஓக்லண்ட் கார்டன்ஸ் பக்கம் வாடகை வீடு பார்க்கிறார்கள். ஒரு தரகர் ஒரு வீட்டைக் காட்டி, "இது ரெண்ட் ஸ்டெபிலைஸ்டு, வாடகை அதிகம் ஏறாது" என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீடுகளை எங்கே தேடுவது, தரகர் சொன்னது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பது கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கட்டடத்தைப் பற்றிய சான்று வேறு. அந்தக் கட்டடத்தில் நீங்கள் குடியேறப் போகும் ஒரு வீட்டைப் பற்றிய சான்று வேறு. முன்னது இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். பின்னது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் கைக்கு வரும். ஏமாறுகிறவர்களில் பலர் முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதையும் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள்தான்.

சட்டத்தின் அடிப்படை கடினமானதன்று. 1969ஆம் ஆண்டின் நகரச் சட்டமும் 1974ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் சேர்ந்து, 1974 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள வாடகைக் கட்டடங்களைப் பொதுவாக ரெண்ட் ஸ்டெபிலைசேஷன் என்னும் வாடகைக் கட்டுப்பாட்டின் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. இவற்றில் குடியிருப்பவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை மேயர் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட வாடகை வழிகாட்டு வாரியம் முடிவு செய்கிறது. எடுத்துக்காட்டாக, 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களுக்கு ஓராண்டுக்கு 3 விழுக்காடு, ஈராண்டுக்கு 4.5 விழுக்காடு என்று வாரியம் நிர்ணயித்தது. 2,200 டாலர் வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 66 டாலர் ஏற்றம். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் உரிமையாளர் சட்டம் அனுமதிக்கும் வேறு காரணத்தைக் காட்டியாக வேண்டும். 421-ஏ, ஜே-51 போன்ற வரிச்சலுகைகளைப் பெற்ற கட்டடங்களும், பிற்காலத்தில் கட்டப்பட்டவையானாலும், சலுகைக் காலத்தில் இதே வரம்புக்குள் வரலாம். பழைய கட்டடங்களுக்கு வருமான உச்சவரம்பு எதுவும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பலர் இதைக் குலுக்கல் முறையில் வழங்கப்படும் மலிவு வீட்டுத் திட்டத்தோடு குழப்பிக்கொண்டு, "நமக்குச் சம்பளம் அதிகம், கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். விசா நிலைக்கும் இந்த உரிமைக்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

இனி, புறநகர்ச் சாயல் கொண்ட பகுதிகளுக்கே உரிய சிக்கல். மன்ஹாட்டனிலோ ஜாக்சன் ஹைட்ஸிலோ ஆறு மாடிச் செங்கல் கட்டடத்தைப் பார்த்தவுடன் ஓரளவு ஊகித்துவிடலாம். கிழக்குக் குவீன்ஸில் அந்த ஊகம் இரண்டு பக்கமும் தவறும். இரண்டே மாடி, தனித்தனி வாசல், ஒரு வாசலுக்கு நான்கு வீடு, முன்னால் புல்வெளி என்று பார்ப்பதற்குத் தனி வீடுகளின் வரிசைபோல் இருக்கும் குடியிருப்பை, "ஆறு வீடு இல்லையே, இது வராது" என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பல சிறு கட்டடங்கள் ஒரே உரிமையாளரின் கீழ், ஒரே நிர்வாகத்தில், ஒரே கொதிகலனையும் ஒரே குடிநீர், கழிவுநீர் இணைப்பையும் பகிர்ந்துகொண்டு இயங்கினால், அவை அனைத்தையும் சேர்த்து ஒரே கட்டடமாக எண்ண வேண்டும் என்பது அங்கே நெடுநாளாக ஏற்கப்பட்ட விதி. கார்டன் அப்பார்ட்மெண்ட் என்று அழைக்கப்படும் தோட்டக் குடியிருப்புகள் பல இந்த வழியில்தான் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே பக்கத்து வாசல்களையும் பாருங்கள். நடு முற்றத்தில் ஒரே புகைபோக்கி இருக்கிறதா, எல்லா வாசல்களிலும் ஒரே நிர்வாக நிறுவனத்தின் பலகை இருக்கிறதா, சலவை இயந்திரங்கள் பொதுவான ஓர் அடித்தளத்தில் இருக்கின்றனவா என்பவை வீட்டின் உட்புற அழகைவிட முக்கியமான செய்திகள்.

மறுபக்கம், பழைமையும் பெரிய அளவும் இருந்தும் வரம்புக்கு வெளியே நிற்பவை உண்டு. 1980களில் குவீன்ஸின் வாடகைக் குடியிருப்புகள் பல கோஆப் எனப்படும் கூட்டுறவு உடைமையாக மாறின. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுந்த, ஏறக்குறைய 2,900 வீடுகள் கொண்ட க்ளென் ஓக்ஸ் வில்லேஜ் 1981இல் மாறியது. ஐக்கிய நாடுகள் சபை ஊழியர்களுக்காக 1947இல் கட்டப்பட்ட பார்க்வே வில்லேஜும் பின்னாளில் கோஆப் ஆயிற்று. இத்தகைய இடங்களில், மாற்றத்துக்கு முன்பிருந்தே குடியிருக்கும் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு தொடரும். அவர் காலி செய்த பிறகு அந்த வீட்டை அதன் உடைமையாளரான பங்குதாரரிடமிருந்து வாடகைக்கு எடுப்பவருக்குப் பொதுவாக அது கிடைக்காது. அதனால் தரகர் காட்டும் வீடு கோஆப் ஒன்றில் இருந்தால், "ஸ்டெபிலைஸ்டு" என்ற சொல்லை அங்கேயே சந்தேகப்படுங்கள். கோஆப் குழுவின் நேர்காணல் உண்டு என்று சொன்னாலே குறிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஃப்ரெஷ் மெடோஸ் இதற்கு நேர்மாறு. நியூயார்க் லைஃப் காப்பீட்டு நிறுவனம் ஒரு கோல்ஃப் மைதானத்தை வாங்கி 1940களின் பிற்பகுதியில் கட்டிய அந்தக் குடியிருப்பு கோஆப் ஆகாமல் இன்றும் வாடகைக்கே விடப்படுகிறது. தாழ்ந்த கட்டடங்களும் இடையிடையே வளைந்து செல்லும் தெருக்களுமாகப் புறநகர்போலவே இருக்கும். பேசைட், ஓக்லண்ட் கார்டன்ஸ், க்யூ கார்டன்ஸ் ஹில்ஸ், பிரையர்வுட் பகுதிகளிலும் சிறிதும் பெரிதுமாக வாடகைத் தோட்டக் குடியிருப்புகள் உண்டு. பள்ளி மாவட்டம் 26இன் நற்பெயருக்காகவே கிழக்கே வரும் குடும்பங்கள் பல. ஃப்ளஷிங் பௌன் தெருப் பிள்ளையார் கோயிலும் ஹில்சைட் அவென்யூ கடைகளும் எட்டும் தூரத்தில் இருப்பது நம்மவர்களுக்குக் கூடுதல் வசதி. ஆனால் சுரங்க இரயில் அவ்வளவு கிழக்கே வருவதில்லை. எஃப் இரயில் ஜமைக்காவில் 179ஆவது தெருவோடு முடிகிறது. 7ஆம் எண் இரயில் ஃப்ளஷிங் மெயின் தெருவோடு நின்றுவிடுகிறது. பேருந்துக்காகக் குளிரில் நிற்கும் நேரத்தையும் மன்ஹாட்டன் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணம் ஒத்துவராது என்றால், இரயில் வசதியோடு மர நிழலும் உள்ள க்யூ கார்டன்ஸும் ஃபாரஸ்ட் ஹில்ஸும் நல்ல மாற்று. ஆனால் அங்கே கோஆப் கட்டடங்களும் அதிகம்.

தேடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாடகைத் தளங்களில் "ஸ்டெபிலைஸ்டு" என்று குறிப்பிட்டு வரும் விளம்பரங்கள் குறைவு. குறிப்பிடாமலேயே வருபவைதாம் மிகுதி. ஆகையால் விளம்பரத்திலிருந்து கட்டடத்தைத் தேடாமல், கட்டடத்திலிருந்து காலி வீட்டைத் தேடுவது பலன் தரும். வாடகை வழிகாட்டு வாரியம் தன் தளத்தில் ஒவ்வொரு பெருநகரப் பிரிவுக்கும் கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. குவீன்ஸ் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த தபால் குறியீட்டை எடுத்துக்கொண்டு, அந்தத் தெருக்களில் ஒரு சனிக்கிழமை நடந்து, வாசலில் உள்ள நிர்வாக நிறுவனத்தின் பெயரைக் குறித்து நேரடியாக அழையுங்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிடம் பேசுவதும் நல்லது. யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனிச் சரிபார்ப்பு. கையெழுத்திடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மேற்சொன்ன பட்டியல். அதில் முகவரி இருந்தால், அந்தக் கட்டடத்தில் குறைந்தது ஒரு வீடாவது பதிவாகியிருக்கிறது என்று பொருள். எந்த வீடு என்று பட்டியல் சொல்லாது. முகவரி இல்லையென்றாலும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், உரிமையாளர் பதிவு செய்யத் தவறியிருக்கலாம். பதிவு செய்யாததால் வீடு சட்டத்திலிருந்து விடுபட்டுவிடாது. அடுத்து, அந்தக் கட்டடத்துக்கான நகர நிதித் துறையின் சொத்துவரி பில்லைப் பாருங்கள். உரிமையாளர்கள் கட்டும் வாடகை நிலைப்படுத்தல் கட்டணம் அதில் தனிப் பதிவாக, எத்தனை வீடுகளுக்கு என்ற எண்ணிக்கையோடு இடம்பெறும். இந்த எண்ணிக்கையை ஆண்டுவாரியாகத் தொகுத்துக் காட்டும் ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் இலவசத் தளத்தில் முகவரியைத் தட்டினால் போதும். அங்கே உரிமையாளரின் மற்ற கட்டடங்களும் தெரியும்.

அந்த எண்ணிக்கையைப் படிக்கும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. 60 வீடுகள் உள்ள கட்டடத்தில் 57 என்று இருந்தால், தரகர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். 60இல் 9 என்று இருந்தால், உங்களுக்குக் காட்டப்படும் வீடு அந்த ஒன்பதில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய குடித்தனக்காரர்கள் அசையாமல் இருக்கும் வீடுகளே அவை. 2007இல் 58, 2019இல் 21 என்று படிப்படியாகச் சரிந்திருந்தால், உரிமையாளர் வீடுகளை ஒவ்வொன்றாக வரம்பிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அன்றைய சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது: காலியான வீட்டின் சட்டபூர்வ வாடகை குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கட்டுப்பாடு நீங்கிவிடும். 2019 ஜூன் 14 அன்று நடப்புக்கு வந்த மாநிலச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது. ஆனால் அதற்கு முன் முறையாக வெளியேறிய வீடுகள் திரும்ப உள்ளே வரவில்லை. பழைய கட்டடம் என்பதாலேயே எல்லா வீடும் பாதுகாக்கப்பட்டது என்று சொல்ல முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

வீட்டின் நிலையை ஒப்பந்தத் தாள்கள் காட்டும். ஸ்டெபிலைஸ்டு வீட்டுக்கான புதிய ஒப்பந்தத்தோடு மாநில வீட்டுவசதித் துறையின் ரைடர் எனப்படும் இணைப்புப் படிவம் ஒன்றைச் சேர்த்துத் தர வேண்டும் என்பது கட்டாயம். முந்தைய வாடகை எவ்வளவு, அதன்மேல் எதற்காக எவ்வளவு கூட்டி இப்போதைய வாடகைக்கு வந்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். தரகரிடம், "கையெழுத்துக்கு முன் லீஸையும் ஸ்டெபிலைசேஷன் ரைடரையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். "அது பிறகு வரும்" என்பது பதிலானால், அந்த வீட்டை ஸ்டெபிலைஸ்டு அல்லாத வீடாகவே கருதி, அந்த வாடகைக்கு அது தகுமா என்று முடிவெடுங்கள். ஒப்பந்தத்தின் நடுவே "இவ்வீடு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதன்று" என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டப்படி உட்பட்ட வீட்டை அந்த ஒரு வரியால் விடுவித்துவிட முடியாது என்றாலும், உரிமையாளரின் நிலைப்பாடு எது என்பது அதில் வெளிப்பட்டுவிடும்.

கடைசிச் சான்று வாடகை வரலாறு. உரிமையாளர் ஆண்டுதோறும் மாநிலத் துறையிடம் பதிவு செய்யும் வாடகைத் தொகைகளின் தொகுப்பு அது. 1984 வரை பின்னோக்கிச் செல்லும். குடியிருப்பவர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், வெளியாருக்குத் தரமாட்டார்கள். வீடு பார்க்கப் போகும்போது பழைய குடித்தனக்காரர் இன்னும் இருந்தால் அவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். உரிமையாளரிடமும் கேட்கலாம். எதுவும் நடக்கவில்லையென்றால், குடியேறிய முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். துறையின் வாடகை நிர்வாக அலுவலகம் ஜமைக்காவிலேயே, யூனியன் ஹால் தெருவில் கெர்ட்ஸ் பிளாசா கட்டடத்தில் இருக்கிறது.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 2013இல் வாடகை 1,265 டாலர். 2014இல் புதிய குடித்தனக்காரர், வாடகை 2,510. 2015 முதல் விலக்கு பெற்ற வீடு, பதிவு தேவையில்லை என்ற குறிப்பு. அன்று கட்டுப்பாடு நீங்குவதற்கான எல்லை 2,500 டாலர். பத்து டாலர் தாண்டி வெளியே போயிருக்கிறது. இது சரிதானா? அன்றைய விதிப்படி வீடு காலியானபோது ஈராண்டு ஒப்பந்தத்துக்கு 20 விழுக்காடு கூட்டலாம். 1,265 அப்போது 1,518 ஆகும். மீதி 992 டாலர் வீட்டுக்குள் செய்த சீரமைப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். 35 வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தில் செலவில் அறுபதில் ஒரு பங்கை மாத வாடகையில் சேர்க்கலாம் என்பதே அன்றைய கணக்கு. ஆகவே 992ஐ அறுபதால் பெருக்கினால் 59,520 டாலர். முந்தையவர் பல்லாண்டுகள் குடியிருந்திருந்தால் அதற்கென ஒரு சிறு கூட்டல் உண்டு. அதைக் கழித்தாலும் தொகை பெரிதாகக் குறையாது. இப்போது சமையலறையையும் குளியலறையையும் திறந்து பாருங்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேல் செலவழித்த அடையாளம் தெரிகிறதா, அல்லது பழைய அலமாரிக் கதவுகளுக்கு வெள்ளைச் சாயம் பூசி ஒரு புதிய அடுப்பை வைத்திருக்கிறார்களா? இரண்டாவது என்றால், கட்டுப்பாட்டை நீக்கியதே செல்லாது என்று வாதிட இடமிருக்கிறது. அதிக வாடகை வசூல் பற்றிய முறையீட்டில் பொதுவாக ஆறு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்பார்கள். வீடு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதா என்ற கேள்வியை அதற்கும் முந்தைய ஆவணங்களைக் கொண்டு ஆராயலாம். இந்த நிலைக்கு வந்துவிட்டால் குடியிருப்போர் தரப்பு வழக்குரைஞர் ஒருவரைப் பார்ப்பதே முறை. நீங்களாகவே வாடகையைக் குறைத்துக் கட்டத் தொடங்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வாடகைகள் எழுதியிருந்தால் பதற வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்கும் சட்டபூர்வ வாடகை 2,900, உரிமையாளர் உங்களிடம் வாங்கும் சலுகை வாடகை 2,200 என்று இருக்கலாம். 2019க்கு முன் புதுப்பிக்கும்போது உரிமையாளர் திடீரென்று 2,900க்குத் தாவலாம். இன்று நீங்கள் அங்கே குடியிருக்கும் வரை ஏற்றம் சலுகை வாடகையின் மேல்தான் கணக்கிடப்படும். ஆனால் அது சலுகை வாடகை என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். "முதல் மாதம் இலவசம், சராசரியாக 2,200" என்று விளம்பரத்தில் மட்டும் வருவது வேறு கணக்கு. அங்கே ஒப்பந்த வாடகை 2,400 ஆக இருந்தால் அடுத்த ஏற்றம் 2,400இன் மேல்தான்.

பணம் தொடர்பாக எவர் எதைக் கேட்டாலும் சில வரம்புகளை நினைவில் வையுங்கள். டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. விண்ணப்பத்துக்கும் பின்னணிச் சோதனைக்குமான கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது, கோஆப் வேறு. 2025 ஜூன் 11 முதல், தரகரை அமர்த்தியவரே தரகுக் கட்டணம் கொடுக்க வேண்டும். உரிமையாளர் அமர்த்திய தரகர் உங்களிடம் கேட்க முடியாது. "ஸ்டெபிலைஸ்டு வீடு என்பதால்" தனியாகக் கையில் தரச் சொல்லும் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் சட்டவிரோதம். வருமானம் மாத வாடகையைப்போல் நாற்பது மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்பது மட்டும் சந்தை வழக்கம். 2,200 வாடகைக்கு ஆண்டுக்கு 88,000 டாலர்.

இந்தப் பகுதிகளில் நீங்கள் பார்க்கும் வீடுகளில் கணிசமானவை ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளின் மாடியோ அடித்தளமோ ஆக இருக்கும். நம்மவர்களே உரிமையாளர்களாக இருந்து, தெரிந்தவர் மூலம் வருபவையும் உண்டு. அவை இந்த வரம்புக்குள் வருவதில்லை. நல்ல மனிதர் கிடைத்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அடித்தளத்தை மட்டும், எவ்வளவு மலிவானாலும், குடியிருப்பதற்கான அனுமதிச் சான்றிதழைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நகரின் அடித்தள வீடுகளில் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குவீன்ஸில். ஸ்டெபிலைஸ்டு அல்லாத பெரிய கட்டடங்களுக்கு 2024இல் வந்த நியாயமான காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் ஓரளவு துணையாக இருக்கும். பணவீக்கத்தோடு 5 விழுக்காடு அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டிய ஏற்றத்தைக் குடியிருப்பவர் எதிர்க்கலாம். ஆனால் பத்து வீடுகளுக்கு மேல் இல்லாத சிறு உரிமையாளர்களுக்கும் கோஆப்களுக்கும் அது பொருந்தாது.

வீடு உறுதியான பிறகு கவனிக்க வேண்டியது இரண்டு. புதுப்பிப்புப் படிவம் ஒப்பந்தம் முடிவதற்கு 150 முதல் 90 நாள்களுக்கு முன் வர வேண்டும். ஓராண்டா ஈராண்டா என்று தேர்ந்து கையெழுத்திட்டு அனுப்ப உங்களுக்கு 60 நாள் அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அந்த வீடு உங்கள் முதன்மை இருப்பிடமாக இருக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்குவதால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் ஓர் ஆண்டில் 183 நாளுக்கும் குறைவாகவே அங்கே தங்கியிருந்தால், அதை வைத்து உரிமையாளர் உங்கள் உரிமையை மறுக்க முற்படலாம். நீண்ட காலம் வெளியே இருக்க நேர்ந்தால், நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு உள்வாடகைக்கு விடுங்கள். வரி விவரத்திலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த முகவரியே இருக்கட்டும்.